ஒரு படி மட்டும் வேறு மரம்

அண்ணா,

உப்புத்தாள் வைத்துத் தேய்க்கத் தேய்க்க உன் ஏணியிலிருந்து புளி வாசனை வந்தது. மழையும் வெயிலும் தின்று மேல் தோல் சாம்பல் நிறமாக வெளுத்துப்போயிருந்த மரம். அதைத் தேய்த்து எடுத்ததும், மாசி மாதம் மரத்தடியில் ஓடு உடைத்துக் குவித்து வைப்போமே, அந்தப் புதுப் புளியின் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. கண்ணமங்கலத்தில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு அதை முகர்ந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செத்தும் உன் மாமா என்னை வுடல பாரு. மலையையே கொண்டாந்து வாசல்ல எறக்கிட்டாரு" என்று என் மகள் பவித்ராவிடம் சொன்னேன். அப்போது காலை பத்து மணி இருக்கும். பகல் சாப்பாட்டு வேளைக்குள் எனக்குப் பேச்சே நின்றுபோயிற்று. எனக்கு! நீ நம்பமாட்டாய்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். உன் மகன் கோவிந்தன் பழைய வீட்டைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் கான்கிரீட் வீடு கட்டுகிறான். மலைமேல் நெல்லிவாசல்நாட்டுக்கு ஜல்லியும் சிமெண்டும் ஏற்றிப்போக அவன் பட்ட பாடு தனிக்கதை. பங்குனியில் வீட்டைப் பிரித்தபோது வெளியே வந்த சாமான்களைப் படம் எடுத்து போனில் அனுப்பினான். அதில் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டு உன் ஏணி நின்றது. அடுப்புக்குத்தான் ஆகும் என்றான். பவித்ரா விடவில்லை. பழைய மர ஏணியை இரண்டாக அறுத்து, எதிரெதிரே நிறுத்தி, படிக்குப் படி பலகை போட்டு அலமாரி செய்கிற வீடியோ ஒன்றை அவள் பார்த்துவைத்திருந்தாள். எங்கள் வீட்டில் என் அங்கன்வாடி நோட்டுகள் ஒரு மூலையில், அவளுடைய நர்சிங் புத்தகங்கள் ஒரு மூலையில், ஊறுகாய் ஜாடிகள் ஜன்னலில் என்று எல்லாம் சிதறிக் கிடக்கும். நீ வரும்போதெல்லாம் "இது வூடா, சந்தையா?" என்று கேட்பாய்.

எனக்கும் ஆசைதான். உன் பொருள் என்று என்னிடம் ஒரு துண்டுகூட இல்லை. எல்லாம் அண்ணியிடம். அண்ணி வீட்டு வாசலை நான் பதினான்கு வருஷமாக மிதித்ததில்லை, உன் சாவுக்கு வந்த அந்த ஒரு நாளைத் தவிர. அதனால் கோவிந்தனிடம் ஏணியை மட்டும் அனுப்பச் சொன்னேன். வேலூருக்குப் புளி மூட்டை ஏற்றிவந்த வண்டியின் மேல் கட்டி அனுப்பினான். மூன்று மாதம் வாசலில் சும்மா கிடந்தது. ஆனியில்தான் தச்சர் முனிரத்தினத்துக்கு நேரம் கிடைத்தது.

முனிரத்தினம் அதிகம் பேசமாட்டார். பதினாறு படியையும் எண்ணி, நடுவில் கோடு போட்டு, ரம்பத்தால் அறுத்து இரண்டு துண்டாக்கினார். நானும் பவித்ராவும் ஆளுக்கொரு துண்டு உப்புத்தாள் வாங்கிக்கொண்டு தேய்த்தோம். பிறகு இரண்டு பாதியையும் சுவரோரம் எதிரெதிரே நிறுத்திப் பலகைகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தார். கீழே மூன்றும் சரியாக உட்கார்ந்தன. நாலாவது பலகை மட்டும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னாம்மா இது, இந்தப் படி மட்டும் ரெண்டு வெரக்கடை மேல ஏறிக்கீது? மரமும் வேற. மத்ததெல்லாம் வேங்கை. இது பின்னால போட்டது."

நான் கவனித்ததே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். அந்தப் படிக்கு இரண்டு விரல் கீழே, இரண்டு பக்கத்துச் சட்டத்திலும், தேய்த்த இடத்தில் வட்டமாக ஒரு அடையாளம் தெரிந்தது. பழைய படி இருந்த துளை. முனிரத்தினம் உளியை வைத்துக் கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே சிக்கியிருந்த அடிக்கட்டை வெளியே வந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒடிந்த முகத்தில் ஒரு பாதி கன்னங்கரேல் என்று இருந்தது. மறுபாதி வெறும் பழுப்பு.

"கறுத்த பாதி முன்னாடியே வெடிச்சி அழுக்கு ஏறினது. மிச்சம் ஒரே நேரத்துல ஒடைஞ்சிருக்கு. ஆளு மிதிச்சி ஒடைஞ்சிருக்கணும்."

நான் விடுவேனா? "அதெல்லாம் இருக்காது மேஸ்திரி. வெடிச்ச படியை எங்க மலையில யாரும் மிதிக்க மாட்டாங்க" என்று ஆரம்பித்தேன். புளி உலுக்குகிற காலத்தில் ஏணியைப் பழுது பார்க்க நேரம் இருக்காது, படி வெடித்தால் அதன்மேல் ஒரு துணியைக் கட்டிவிடுவோம் என்று சொன்னேன். ஏறுகிறவனுடைய கண் மேலே கிளையில் இருக்கும், கைதான் படியைத் தேடிப் பிடிக்கும், கையில் துணி பட்டால் கால் அந்தப் படியைத் தாண்டிவிடும் என்று நடித்துக் காட்டினேன். புதுப் படி போடுகிறவர்தான் அந்தத் துணியை அவிழ்க்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது, நடக்கப் பழகிய குழந்தைக்கும் இது தெரியும் என்றேன். "எங்க ஆளுங்க கிட்ட ஒரு ஒழுங்கு உண்டு மேஸ்திரி" என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சும்மா தெரிந்துகொள்ளலாம் என்றுதான் கோவிந்தனுக்குப் போன் போட்டேன். "ஏன்டா, ஏணியில ஒரு படி வேற மரமா கீதே, உங்கப்பா எப்ப மாத்தினாரு?"

"அதுவா அத்தே? அப்பா வுழுந்தாரே, அன்னிக்கு ஒடைஞ்ச படி. கால் கட்டு பிரிச்சதும் அவரே உக்காந்து செஞ்சி போட்டாரு."

"வுழுந்தது கிளை முறிஞ்சிடா."

சித்தாள் யாரையோ தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு பேசினான். "ஊருக்கு அப்படித்தான் அத்தே சொன்னாங்க. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சிட்டேன். கிளை இல்ல அத்தே. ஏணிப்படி ஒடைஞ்சிதான் வுழுந்தாரு."

"படி வெடிச்சிருந்தா துணி கட்டியிருப்பாங்களேடா?"

"அம்மா மொத நாளே கட்டிட்டாங்க. அவங்க நீலப் பொடவைத் துண்டு. காலையில யாரோ அவுத்துட்டாங்க. யாருன்னு நான் எத்தினியோ வாட்டி கேட்டேன். அப்பாவும் சொல்லல, அம்மாவும் சொல்லல."

நீலப் புடவைத் துண்டு என்று அவன் சொன்னதும் எனக்கு உச்சந்தலை ஜில்லென்று ஆனது. நான் அப்படியே மரத்தூளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். போனில் கோவிந்தன் "அத்தே, அத்தே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பவித்ரா பிரஷர்தான் ஏறிவிட்டது என்று உள்ளே ஓடிக் கருவியை எடுத்துவந்து கையில் சுற்றினாள். முனிரத்தினம் அந்த அடிக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் நின்றார்.

அண்ணா, அந்தத் துணியை அவிழ்த்தது நான்.

அந்த மாசியில் புளி உலுக்க நான் மலைக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. கல்யாணமாகி நாங்கள் கண்ணமங்கலத்துக்கு இறங்கி எட்டு வருஷம். அவர் ரைஸ்மில்லில் வாட்ச்மேன். நான் வருஷா வருஷம் மாசியில் மட்டும் தப்பாமல் வந்துவிடுவேன். அன்று காலையில் நீ இன்னும் வீட்டில் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அண்ணி தண்ணீருக்குப் போயிருந்தாள். நான் முதல் ஆளாக மரத்தடிக்குப் போனேன். முந்தின நாள் நிரப்பிவைத்த கூடை ஒன்று அங்கே இருந்தது. அதைத் தூக்கிப்போய் வீட்டில் இறக்கிவிட்டு வரலாம் என்று பார்த்தால் சும்மாட்டுக்குத் துணி இல்லை. ஏணி தரையில் படுத்துக் கிடந்தது. ஒரு படியில் நீலத் துணி ஒன்று ஒற்றை முடிச்சாகக் கட்டியிருந்தது.

எனக்கு அந்தத் துணியைத் தெரியும். அண்ணியின் பழைய புடவை. அந்தப் புடவையைப் பார்த்து நான் எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன். "கந்தையக் கட்டி வைக்க எடம் பாத்தா பாரு மகாராணி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் அவிழ்த்தேன். சுற்றித் தலையில் வைத்தேன். கூடையை ஏற்றிக்கொண்டு நடந்தேன்.

படியில் கட்டிய துணி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? உன் மடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதில்லையா? இத்தனை நாளாக யோசித்துப் பார்க்கிறேன், அந்த நேரத்தில் அது ஏன் மனசில் வரவில்லை என்று விளங்கவே இல்லை. கீழே எட்டு வருஷத்தில் துணியைப் பார்த்தால் துணி மட்டும்தான் தெரிகிற கண்ணாகிவிட்டது போலிருக்கிறது. அதிலும் அது அண்ணியின் துணி. அண்ணி செய்த எதையும் ஒரு காரணத்தோடு செய்திருப்பாள் என்று நினைக்கிற பழக்கமே எனக்கு இருந்ததில்லை.

நீ குறுக்குப் பாதையில் மரத்துக்குப் போயிருந்தாய். நான் கூடையை வீட்டில் இறக்கி, வழியில் இரண்டு பேரிடம் கதை பேசிவிட்டு, தலையில் இருந்த சும்மாட்டை எடுக்காமலே திரும்பினேன். நீ மரத்தடிப் பாறைமேல் கிடந்தாய். உன் தலை அண்ணி மடியில் இருந்தது. வலது கால் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஓடிவந்து உன் பக்கத்தில் விழுந்தேன். "எப்படிண்ணா, எப்படி வுழுந்த?" என்று கத்தினேன். நீ கண்ணைத் திறந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலையைப் பார்த்தாய். நெடுநேரம் பார்த்தாய். அப்புறம் சொன்னாய்.

"கிளை முறிஞ்சிடுச்சிம்மா."

அண்ணியும் என் தலையைத்தான் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நீ அவள் கையைப் பிடித்து அழுத்தினாய். வலியில் அழுத்துகிறாய் என்று நான் நினைத்தேன்.

பிறகு நான் செய்ததை எழுதித்தான் ஆகவேண்டும். முந்தின நாள் சாயங்காலம் "கிழக்குக் கிளை ஒண்ணுதான் மிச்சம், நாளைக்கி முடிச்சிடு" என்று அவள் உன்னிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. ராத்திரி தூறல் போட்டிருந்தது. அது போதாதா எனக்கு? "ஈரக் கிளையில ஏத்திவுட்டு எங்கண்ணன் காலை ஒடைச்சிட்டியேடி, உனக்குப் புளிதான் பெருசா?" என்று பிடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டு அக்கம்பக்கம் வந்துவிட்டது. ஆண்கள் கம்பில் போர்வையைக் கட்டி உன்னைத் தூக்கிப்போக டோலி செய்கிற வரைக்கும் நான் நிறுத்தவில்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் புடவைத் துண்டைத் தலையில் சுற்றிவைத்துக்கொண்டுதான் அவளைத் திட்டினேன், அண்ணா.

உன் கால் மடங்காமல் கட்டையாகிப்போனது. அதற்குப் பிறகு நீ மரம் ஏறவில்லை. நான் மலை ஏறவில்லை. "அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினவள்தான். நீதான் இழுத்து இழுத்து நடந்து, ஜீப் பிடித்து, இரண்டு பஸ் மாறி, சாமையும் தேன் பாட்டிலும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவாய். உட்கார்ந்ததும் நான் அண்ணியைப் பற்றி ஆரம்பிப்பேன். நீ "தண்ணி குடும்மா" என்பாய். எடுத்துவந்து கொடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். இன்னொரு சொம்பு கேட்பாய். ஒரு தடவை மட்டும், "அவ மேல தப்பு இல்லம்மா. வுட்டுடு" என்றாய். "பொண்டாட்டிக்கு வக்காலத்தா?" என்று நான் கேட்டேன். நீ சிரித்துவிட்டு, பவித்ராவின் பரீட்சை எப்போது என்று விசாரித்தாய். அந்த இடத்தில் நீ சொல்லியிருக்கலாம். நாம் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம்.

போன ஐப்பசியில் நீ காய்ச்சலில் போனாய். வந்த பெண்கள் எல்லாம் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவளைத் தாண்டிப் போய் உன் காலடியில் உட்கார்ந்து, அந்தக் கட்டைக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுகையோடு அழுகையாக, "அன்னிக்கே பாதி உசுர எடுத்துட்டாளே, இன்னிக்கி மிச்சமும் போச்சே" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை. ஒருத்தரும் என்னை அதட்டவில்லை. அண்ணனைப் பறிகொடுத்தவள் பேசுகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

கோவிந்தனிடம் பேசின பிறகு மூன்று நாள் நான் வேலைக்குப் போகவில்லை. முனிரத்தினம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அறுத்த ஏணி சுவரோரம் நின்றது. நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கடைசியில் பவித்ராவிடம் சொன்னேன். "நீ தெரிஞ்சாம்மா செஞ்ச?" என்று கேட்டாள். நல்ல பெண், என்னைத் தேற்றத்தான் கேட்டாள். "அவுத்தது தெரியாம. திட்டினது தெரிஞ்சிதானே" என்றேன்.

நாலாம் நாள் புறப்பட்டேன். பதினான்கு வருஷம் நீ வந்த வழியில், நீ மாறின பஸ்களில், கடைசியில் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே ஜீப்பில். அண்ணி புது வீட்டுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட கொட்டகையில் இருந்தாள். முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து "வா" என்றாள். அவ்வளவுதான். என்னைவிட ஆறு மாதம்தான் பெரியவள். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், அழுதேன், மூக்கைச் சிந்தினேன், மறுபடி சொன்னேன். அவள் புடைப்பதை நிறுத்தவே இல்லை. நான் முடித்ததும் முறத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இத எங்கிட்ட எதுக்கு சொல்ற? எனக்குத்தான் தெரியுமே."

"ஏன் அண்ணி நீங்க சொல்லல?"

"உங்கண்ணன் டோலியில போறப்பவே கையில அடிச்சி சத்தியம் வாங்கிட்டாரு. 'அவளுக்குத் தெரிஞ்சா வெக்கத்துல மலைக்கே வரமாட்டா, எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி'ன்னாரு. நானும் வாய மூடிக்கினேன்." முறத்தைக் கீழே வைத்தாள். "மூடிக்கினு இன்னா ஆச்சி? நீ அப்பவும் வரல."

எனக்கு அடித்துப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. இந்தக் கேள்விக்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா?

காலைப் பிடிக்கக் குனிந்தேன். அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "கால்ல வுழுந்து இன்னா ஆவப்போவுது? திட்டினது நாலு பேரு முன்னாடி. சொல்றதுன்னா தெரியாதவங்க கிட்ட போய் சொல்லு." பிறகு சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டு மத்தியான ஜீப்பில் இறங்கினேன்.

இறங்குகிற வழியெல்லாம் உன்மேல் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன்! என்னைத் திட்டுகிறவர்கள் உண்டு, உன்னைத் திட்டினவர்கள் ஒருத்தர் கிடையாது. பூ மாதிரி மனுஷன் என்று ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பூ மனுஷன் தங்கச்சியின் வெட்கத்தை மறைக்கப் பெண்டாட்டியைப் பழிக்குக் கொடுத்திருக்கிறான். ஒரு நாள் இல்லை, பதினான்கு வருஷம். அவள் கையால் சாப்பிட்டு, அவள் பிடித்த கையை ஊன்றி எழுந்து, என் வீட்டுக்கு வந்து அவளை நான் ஏசுவதைத் தண்ணீர் குடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாய். திரும்பிப் போனதும் அவள் முகத்தை எப்படிப் பார்த்தாய்? துணியை அவிழ்த்தது நான்தான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் நீயும் சும்மா இல்லை அண்ணா. நீ செத்துப்போனதால் இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று இருந்தால், நான் சொல்லத்தான் போகிறேன்.

முனிரத்தினத்தைத் திரும்ப வரச் சொன்னேன். அந்த வேற்று மரப் படியைக் கழற்றிவிட்டு மட்டமாகப் புதிதாக ஒன்று போடட்டுமா என்று கேட்டார். "ஆனா இருக்கிறதுலயே கெட்டியான படி இதுதாம்மா" என்றும் சொன்னார். கட்டைக் காலோடு உட்கார்ந்து நீ செதுக்கினது. இனி நீ ஏறப்போவதில்லை என்று தெரிந்தும், ஏறப்போகிறவர்களுக்காகச் செதுக்கினது. அது இருக்கட்டும் என்றேன். எதிர்ப் பக்கத்துப் படிமேல் ஒரு மரத்துண்டை வைத்து அறைந்து பலகையைச் சமமாக்கினார். வார்னிஷ் அடித்தோம். இப்போது அதில் நோட்டுகளும் புத்தகங்களும் ஜாடிகளும் இருக்கின்றன. பார்க்கிறவர்கள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். அண்ணன் ஏணி என்கிறேன்.

ஆவணியில் கோவிந்தன் புது வீட்டில் பால் காய்ச்சினான். செங்கத்திலிருந்தும் மலையிலிருந்தும் சொந்தம் முழுக்க வந்திருந்தது. அன்று திட்டும்போது கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் இருந்தார்கள். சாவு வீட்டில் கேட்டவர்கள் எல்லாருமே இருந்தார்கள். பால் பொங்கினதும் நான் கூடத்து நடுவில் எழுந்து நின்றேன். கூப்பிட்டால் எதிர்க் குன்றுக்குக் கேட்கிற குரல் எனக்கு. அன்றைக்கு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எப்படியோ, "எங்கண்ணன் வுழுந்தது அண்ணியால இல்ல" என்று தொடங்கிவிட்டேன்.

பெரியப்பா கையை ஆட்டினார். "நல்ல நாளும் அதுவுமா எதுக்கும்மா பழசக் கிளர்ற? வுடு." இன்னும் இரண்டு பேர் "ஆமாம்மா, வுடு, ஒக்காரு" என்றார்கள். உட்கார்ந்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. பொய் சொல்லமாட்டேன்.

அண்ணி டம்ளர்களில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாத்திரத்தை ணங்கென்று தரையில் வைத்தாள்.

"வுடச் சொல்லாதீங்க. அவ சொல்லட்டும். நான் கேக்கணும்."

அவள் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நீயும் கேட்டிருக்கமாட்டாய். நான் சொன்னேன். துணியை அவிழ்த்தது, தலையில் வைத்தது, மரத்தடியில் திட்டினது எல்லாம் சொன்னேன். கடைசியில் தடுமாறி நின்றபோது, "சாவு வூட்ல சொன்னத?" என்று கேட்டாள். அந்த வார்த்தைகளையும் அப்படியே திருப்பிச் சொன்னேன். சொல்லும்போது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கோவிந்தன் வெளியே எழுந்து போனான், வெகு நேரம் கழித்துத்தான் வந்தான். அண்ணி மறுபடி பாத்திரத்தை எடுத்து எல்லாருக்கும் ஊற்றினாள். கடைசி டம்ளரை என்னிடம் நீட்டி, "ஆறிப்போச்சி. குடி" என்றாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. கோவிந்தன் இப்போது போன் செய்வது குறைந்துவிட்டது. நான் போனால் தண்ணீர்க் குழாயடியில் பேச்சு நிற்கிறது. அண்ணி சோறு போடுகிறாள், பேச்சு அளந்துதான். ஆவணிக்குப் பிறகு மூன்று தடவை போய்விட்டேன். ஐப்பசியில் உனக்கு வருஷம், அதற்கும் போவேன். ஒவ்வொரு தடவையும் ஜீப் கடைசி வளைவில் திரும்பும்போது இறங்கி ஓடிவிடலாமா என்று இருக்கும். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. இருந்தாலும் போய் இறங்குகிறேன்.

வெட்கம் வந்தால் நான் மலைக்கே வரமாட்டேன் என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டே ஜீப் ஏறலாம், அண்ணா. அது அப்படி ஒன்றும் முடியாத காரியம் இல்லை.